தகட்டுக்குக் கீழே ஒரு நம்பர்

எட்மண்டனில் ஒரு தமிழ் விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில் சனிக்கிழமைதோறும் புல் வெட்டுபவர் சிவரூபினி. வார நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பார். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு சாமானைத் தேடிக் கொடுக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து ஓட்டும் அந்தச் சிவப்பு மெஷினில் இருக்கும்போது மட்டும் போன் அடிப்பது காதில் விழாது. சம்பளமில்லாத வேலைதான். ஆனால் யாராவது பிடுங்க வந்தால் ஆளைக் கடித்துவிடுவார்.

மே மாதம் மெஷின் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. புறப்படும்போது மேட்டில் துள்ளி ஏறும். அரை மணி ஓடிச் சூடானதும் அதே மேட்டின் நடுவில் நின்று முனகும். அது ஹைட்ரோஸ்டற்றிக் வகை. கியர் மாற்றும் வேலை கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயின் அழுத்தம்தான் சக்கரத்தை உருட்டும். எண்ணெய் பழசானால் சூட்டில் தண்ணீர் மாதிரி இளகி, தள்ளும் பலம் போய்விடும். இவ்வளவும் சிவரூபினி யூடியூபில் பார்த்துப் படித்தது. புதிதாக எந்த எண்ணெய் விடுவது என்று கேட்டால் யூடியூப் ஆளுக்கொரு கதை சொன்னது.

கழகச் செயலாளர் நிஷாந்த், வருகிற சனிக்கிழமை மேட்டுப்புல் வெட்டுப்படாவிட்டால் வேலையை வெளிக் கம்பனிக்குக் கொடுப்போம் என்று வாட்ஸப் குழுவில் போட்டார், கும்பிடுகிற கைகளோடு. உடனே குழுவிலிருந்த அத்தனை பேரும் எண்ணெய் நிபுணர்களானார்கள். ஒருவர் ஹைட்ரோலிக் என்றார். இன்னொருவர் நல்லெண்ணெய் என்றார். அவருக்குத்தான் அதிகம் சிரிப்பு விழுந்தது. கராஜ் வைத்திருக்கும் புவனேந்திரன் எதுவும் எழுதவில்லை. கார் ஒட்டோ கியர்பொக்ஸுக்கு விடும் சிவப்பு எண்ணெயில் ஒரு கானை நேரே மெஷின் நிற்கும் கொட்டிலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மெஷினைக் கழகத்துக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். யார் மறுப்பது?

சிவரூபினி புனலைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். பிறகு ஏதோ பயத்தில், மெஷின் விற்கும் கடைக்குப் போன் போட்டார். பிழையான எண்ணெய் விட்டால் பெட்டியே பழுதாகலாம், மொடல் நம்பரைச் சொல்லுங்கள், பின்பக்கத் தகட்டில் இருக்கும் என்றார் கடைக்காரர்.

பின்பக்கத்தில் தகடு இருந்தது. பித்தளைத் தகடு. ‘அமரர் சிவனேஸ்வரி புவனேந்திரன் நினைவாக’ என்று வெட்டியிருந்தது. டியூப் லைட்டிலேயே ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைக்கிற நம்முடைய சனம் புல் வெட்டும் மெஷினை விட்டுவைக்குமா? புவனேந்திரனின் மனைவி சிவனேஸ்வரி உயிரோடு இருந்தபோது புல் வாசம் பட்டாலே தும்மி முடியாதவர், அது வேறு விஷயம். தகடு பூட்ட இடம் பார்த்தவர்கள், கம்பனித் தகட்டின் இரண்டு மூலையிலும் ஓட்டை தயாராக இருக்கக் கண்டு, அதன்மேலேயே வைத்து ரிவெட் ஆணி அறைந்துவிட்டார்கள். நம்பர் அடியில் போய்விட்டது.

சனிக்கிழமை காலை புவனேந்திரன் வழக்கம்போல் தகட்டை மினுக்கப் பித்தளை பொலிஷும் துணியுமாக வந்தார்.

“அண்ணை, உந்தத் தகட்டைக் கழட்டவேணும்” என்றார் சிவரூபினி.

“ஏன், எழுத்துப் பிழையோ?”

“இல்லை. அதுக்குக் கீழதான் நம்பர். நம்பர் தெரியாமல் எண்ணெய் விட ஏலாது.”

“நான் தந்த எண்ணெய்க்கு என்ன குறை? பென்ஸுக்கே உந்த எண்ணெய்தான் விடுறன்.”

“பென்ஸ் புல்லு வெட்டாது, அண்ணை.”

புவனேந்திரன் சிரிக்கவில்லை. துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

“சாம்பலைக் கடலில கரைச்சாச்சு, பிள்ளை. அவவின்ரை பேர் கிடக்கிற இடம் இந்த நாட்டில இது ஒண்டுதான்.”

விட்டுவிடலாம் என்று சிவரூபினிக்குத் தோன்றியது. விட்டால் மெஷினும் போகும், சனிக்கிழமையும் போகும்.

“மெஷின் பழுதாப்போனா ஸ்கிராப்புக்குத்தான் போகும்” என்றார் மெதுவாக. “அக்காவின்ரை பேரோடதான் போகும்.”

புவனேந்திரன் காரடிக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் சிவரூபினி நினைத்தார். மனுசன் டிரில்லோடு திரும்பி வந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. முதல் ஆணி சட்டென்று வந்தது. இரண்டாவது ஆணிக்கு டிரில்லை வைத்தார், எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், பிறகுதான் அழுத்தினார்.

அடியில் இருந்த கம்பனித் தகடு மழை வெயில் படாமல் கடையில் வாங்கியது போலவே இருந்தது. சிவரூபினி நம்பரைப் போனில் வாசிக்க, கடைக்காரர் தேடிப் பார்த்து, இந்த மொடலுக்கு இருபது டபிள்யூ ஐம்பது என்ஜின் எண்ணெய், கியர்பொக்ஸ் எண்ணெய் வேண்டவே வேண்டாம் என்றார். புவனேந்திரனுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. ஆனாலும் அந்த எண்ணெய் தன்னுடைய கராஜில் ஒரு மூலையில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

பழைய எண்ணெய் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் வடிந்தது. புதியதை விட்டு, பின்சக்கரங்களைக் கட்டையில் தூக்கி வைத்து, உள்ளே இருக்கும் காற்றுப் போகும்வரை முன்னுக்கும் பின்னுக்குமாக மெல்ல உருட்டினார்கள். தகட்டை இனி எங்கே பூட்டுவது என்று சிவரூபினி கேட்டார்.

“அதைப் பிறகு பாப்பம். நீர் முதல்ல மேட்டில ஏறும்.”

மெஷின் சூடாகாதபோது யாரும் ஏறுவார்கள். சிவரூபினி சமதரை முழுவதையும் வெட்டி, மெஷினை நன்றாகச் சூடேற்றிக்கொண்டுதான் மேட்டுக்குத் திருப்பினார். முன்பு நின்றுபோன நடுமேடு வந்தது. மெஷின் முனகவில்லை. ஒரே சீராக ஏறி உச்சிக்குப் போனது.

மேலேயிருந்து திரும்பிப் பார்த்தார். கீழே புவனேந்திரன் தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லொறியைப் பின்னுக்கு எடுக்க வழி காட்டும் ஆளைப் போல இரண்டு கையாலும் வா வா என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்த மைதானத்தில் இடிபட ஒரு மரம்கூட இல்லை. இருந்தாலும் சிவரூபினி அவர் கை காட்டிய பக்கமே பார்த்துப் பார்த்து இறங்கினார்.