உயிர் இருக்கும் இடம்

என் அண்ணி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். காலை ஷிப்டில் ஆறு மெஷின், ஆறு நோயாளி. இந்த லட்சணத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கப்போகிறேன் என்று கிளம்பினாள். தலைப்பு, ஜப்பானிய, ஐரோப்பியத் தத்துவங்களில் உயிர் என்னும் கருத்து. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அதிகம் கிண்டல் செய்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஏழு வருஷம் பஸ்ஸில் படித்தாள், குக்கர் விசிலுக்கு நடுவே எழுதினாள். ஆய்வேட்டை ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். திருத்திக் கொடுத்த பிறகு வாய்மொழித் தேர்வு வந்தது. இதிலும் கோட்டை விட்டால் பதிவு ரத்து, அத்தனையும் பாழ்.

தேர்வைப் பார்க்க யார் வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள், போனேன். வெளியூர்த் தேர்வாளர் எடுத்ததுமே பிடித்துக்கொண்டார். ஐரோப்பியர் பலர் உயிரைத் தனித்தனி உடலுக்குள் தேடினார்கள், ஜப்பானியர் சிலர் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் தேடினார்கள், இரண்டும் சரி என்று நீங்கள் எழுதியிருப்பது மழுப்பல் இல்லையா, ஒரு பக்கம் நில்லுங்கள் என்றார். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையேன் என்று அண்ணியை மனசுக்குள் திட்டினேன்.

அவளோ வார்டுக் கதையை ஆரம்பித்தாள். புதிதாகச் சேருபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டாம். அலாரம் அடித்தால் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். அவளும் முதல் வாரம் அப்படித்தான் நின்றாள். சத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்பினால், நோயாளி வெளிறிப்போய்ச் சாய்ந்து கிடந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

"அவர் ரத்தம் குழாய்லயும் மெஷின்லயும் ஓடிக்கிட்டிருந்துச்சு சார். அதை அவர் உயிர் இல்லன்னு எப்படிச் சொல்றது? ஆனா கண்ணு சொருகுனது அவருக்கு, மெஷினுக்கு இல்ல. ஒரு பக்கம் மட்டும் நின்னா ஆள் போயிடுவார். அதனால முதல்ல முகம், அப்புறம் குழாய், கடைசியிலதான் மெஷின். நான் தினமும் ரெண்டு பக்கமும்தான் நிக்கிறேன்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நல்ல பதிலை ஆய்வேட்டுல ஏம்மா எழுதல?"

"எழுதியிருக்கேன் சார். நூத்தி நாப்பத்திரெண்டாம் பக்கம்."

அவர் புரட்டினார், படித்தார், இன்னொரு தரம் படித்தார். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது, சத்தியமாக அது நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து அண்ணியிடம் கையை நீட்டினார்.

"தப்பு என்னோடதுதான், டாக்டர்."