ஒருநாள் பயணமாகப் போய்ப் பதினோரு நாள் காஞ்சிபுரத்தில்

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இல்லாமல் தனியாகப் போன முதல் ஊர் காஞ்சிபுரம். வைகாசியில், ஒரு வியாழக்கிழமை. கோயில் பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவதாகத் திட்டம். திரும்பியது பதினோரு நாள் கழித்து, அதுவும் ஆம்புலன்ஸில்.

திண்டிவனத்தில் காலை 6.10க்கு பஸ். வந்தவாசி வழி, ஏறக்குறைய 78 கிலோமீட்டர், ஆளுக்கு 70 ரூபாய். செவிலிமேடு வரும்போது மணி 8.40. பாலாற்றில் தண்ணீர் தெரிகிறதா என்று இவர் எட்டி எட்டிப் பார்த்தார், மணல்தான் தெரிந்தது. ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு ஆட்டோ 80 ரூபாய். பேரம் பேசியிருந்தால் ஆட்டோக்காரர் 60க்கு வந்திருப்பார், எனக்கு அன்றைக்கு நல்ல மனசு.

பத்தரை மணிக்கு, ஒரு மண்டபத்து மேடையில் நின்று இவர் என்னைப் படம் எடுத்தார். "கோபுரம் முழுசா வரணும், இன்னும் கொஞ்சம் பின்னால போங்க" என்றேன். போனார். பின்னால் மேடை முடிந்துவிட்டது. நாலடி உயரம்தான், ஆனால் முதுகு அடிபட மல்லாக்க விழுந்தார். ஓடிவந்த நல்லவர்கள் கையைப் பிடித்து உட்காரவைத்து சோடா கொடுத்தார்கள். நானும் சேர்ந்துதான் தூக்கினேன், பாவி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது இது: கீழ்முதுகில் ஒரு எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. முறுக்காமல் படுக்க வைத்தால் ஆபரேஷன் இல்லாமலே கூடலாம். முறுக்கினால் கால் இரண்டும் போய்விடக்கூடும். அதற்காக அசையாமலும் படுக்கக்கூடாது, இரண்டு மணிக்கொரு தரம் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

அந்த வார்டின் சுமதி சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். தலையை அவர் பிடிப்பார், தோளை ஒருவர், இடுப்பை ஒருவர், காலை ஒருவர். அவர் "மூணு" என்றதும் உடம்பு மொத்தமும் மரக்கட்டை மாதிரி ஒன்றாக உருள வேண்டும். தோளில் வார்டு ஊழியர், இடுப்பில் நான், காலில் திண்டிவனத்திலிருந்து வந்து சேர்ந்த என் கொழுந்தன் பாபு. மூணு சொன்னதும் தோள் உருண்டது, கால் உருண்டது, இடுப்பு நின்றுவிட்டது. இவர் அலறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சிஸ்டர் உடனே நிறுத்தி, பாதத்தைத் தொட்டு "இது தெரியுதா? விரலை ஆட்டுங்க" என்றார். ஆடியது.

அதன் பிறகு யாரையும் தொடவிடவில்லை மனுஷன். மறுநாள் காலையில் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவு சிவந்திருந்தது. சிஸ்டர் விரலால் அழுத்திப் பார்த்தார், சிவப்பு போகவில்லை. "நாளைக்கு இது புண்ணாயிடும்மா. இன்னைக்குத் திருப்பியே ஆகணும்" என்றார்.

பக்கத்துப் படுக்கையில் வரதன் என்பவர், தோள்பட்டை எலும்பு முறிந்து கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டிருந்தார். கோயில் உற்சவத்தில் சாமி தூக்குகிறவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"யக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க அவர் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கீங்க. அதான் கை லேட்டா வருது."

எனக்குச் சுருக்கென்றது. "வலிக்கிறவரைப் பாக்காம எப்படிப்பா?"

"ஊரே சாமி மூஞ்சியப் பாக்கும். தூக்குற எங்களுக்குத் தெரியாது. முன்னாடி ஒருத்தர் கொரல் குடுப்பாரு, அது மட்டும்தான் காதுல இருக்கும். ஒருத்தன் திரும்பிப் பாத்தாலும் தோள் சாஞ்சிடும்."

நாலு மணிக்கு வரதனைப் பார்க்க, அவரோடு சாமி தூக்கும் மூன்று கூட்டாளிகள் வந்தார்கள். சிஸ்டர் அவர்களைக் கை கழுவச் சொல்லி, எங்கெங்கே பிடிப்பது என்று காட்டினார். "என் கொரலுக்குத்தான். அதுக்கு முன்னாடி ஒரு இஞ்ச் கூடாது" என்றார். "சரிமா" என்று மூவரும் தலை குனிந்து நின்றார்கள். மூணு சொன்னதும் இவர் உருண்டது எனக்கே தெரியவில்லை. சிஸ்டர் முதுகுக்கு ஒரு தலையணை, கால்களுக்கு நடுவில் ஒன்று வைத்தார். இவர் "முடிஞ்சிதா?" என்று கேட்டார்.

அன்று ஆறு மணிக்கு இடுப்பில் நான் நின்றேன். என் கைகளையே பார்த்துக்கொண்டு சிஸ்டர் குரலுக்குக் காத்திருந்தேன். சரியாக வந்தது. மூன்றாம் நாள் சிவப்பு மறைந்தது.

கிளம்புகிற அன்று கடைசியாகத் திருப்பி முடித்ததும் இவர், "என்னடி, ஒரு வாரமா மூஞ்சியவே பாக்க மாட்டேங்கற, கோபமா?" என்றார். அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். "நான்தானே பின்னால போகச் சொன்னேன்" என்றேன். "சரி விடு, படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

போகிறவர்களுக்கு: படம் எடுக்கிறவர் பின்னால் நகரக்கூடாது, நிற்கிறவர்தான் நகர வேண்டும். விழுந்தவர் முதுகு வலி என்றால் தூக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள், சோடா கொடுக்காதீர்கள். 108க்கு போன் போட்டுவிட்டு, ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப வர ஆம்புலன்ஸ் 4,200 ரூபாய், இரண்டு மணி இருபது நிமிடம். வீட்டில் திருப்ப நாலு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், குரல் ஒருவருடையதாக இருக்கட்டும்.

இப்போது பெல்ட் போட்டுக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். அந்தப் படத்தை ஒருநாள் தனியாக எடுத்துப் பார்த்தேன். நான் இருக்கிறேன், கோபுரம் பாதிதான் இருக்கிறது. முழுசாக வந்திருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.