பாய்லர் ரூமுக்குப் பின்னால் சிவந்த பனை

போன வாரம் மணவாள நகரில் ஒரு கல்யாண மண்டப வாசலில், தண்டெல்லாம் சாயம் பூசியதுபோல் சிவந்த பனைச்செடிகள் இரண்டு தொட்டியில் நின்றன. லிப்ஸ்டிக் பாம் என்பார்கள். பெண் வீட்டார் வந்து அழைக்கும்வரை அந்த ஈரத் தென்னைநார்த் தூளின் வாசனையை மோந்துகொண்டு நின்றேன் என்றால் சிரிக்காதீர்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் தோட்டத்தில்தான் என் முதல் வேலை. வீட்டுக் கறிவேப்பிலைச் செடியையே காயவிட்ட கை என்னுடையது; நல்லவேளை, அதை யாரும் கேட்கவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் மேரியக்கா, நான், பச்சை வலை போட்ட ஒரு செடிக்குடில். அவ்வளவுதான் தோட்டப் பிரிவு.

வாசலுக்கென்று ஐந்து சிவப்புப் பனை வாங்கினார்கள். நான் ஆசையாக உரத்தை அள்ளிப் போட்டதில் இரண்டு கருகின. சித்திரை வெயிலில் இன்னும் இரண்டு போயின. மேலாளர் வந்து பார்த்தார்.

"இந்த ஊர்க் காத்துக்கு இது நிக்காதும்மா. பிளாஸ்டிக்ல வாங்கி வச்சிடலாம். அடுத்த மாசம் நீங்க ரெண்டு பேரும் பேக்கிங்குக்குப் போயிடுங்க."

அன்று மத்தியானமே மேரியக்கா கடைசிச் செடியைத் தூக்கிக்கொண்டு பாய்லர் ரூமுக்குப் பின்னால் போனார். அங்கே குழாயில் கசிந்த நீராவியால் சுவரெல்லாம் பாசி.

"இங்க இன்னாக்கா?"

"இங்க நின்னுக்கினு இருந்தாலே என் மூஞ்சி பளபளன்னு ஆவுது. இதுக்கும் ஆவுதான்னு பாப்போம்."

மேலே வலை கட்டினோம். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் உட்கார வைத்தோம். உர மூட்டைப் பக்கம் நான் போகக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. நாள்கள் போயின, இலை காயவில்லை, அதற்குமேல் ஒன்றும் நடக்கவுமில்லை. பேக்கிங்குக்குப் போக மூன்று நாள் இருக்கையில், மண்ணைப் பிளந்து சுண்டுவிரல் அளவுக்கு ஒரு முளை. நல்ல சிவப்பு. பக்கத்திலேயே இன்னொன்று.

அக்கா மேலாளரைக் கூட்டி வந்தார். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இங்க வச்சிருக்கீங்க?"

"நீங்க நிக்காதுன்னு சொன்ன அன்னிலேருந்து சார்."

அவர் நிமிர்ந்தார். "பேக்கிங்குக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

பக்கக் கன்றுகளைப் பிரித்துப் பிரித்து வைத்தோம். கேட்டருகே தண்ணீர் தேங்கும் வாய்க்கால் ஓரமாக, நான் வேலையை விடும்போது இருபது பனைகள் நின்றன. வருகிற விருந்தாளிகள் எல்லாரும் முதலில் அங்கேதான் படம் எடுப்பார்கள். "எங்க தோட்டம்" என்பார் மேலாளர், சொந்தக் கையால் நட்டவர்போல. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

பாய்லர் ரூமை இடித்து லாரி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். செடிக்குடிலும் இல்லை. தோட்டத்தை இப்போது காண்ட்ராக்ட் ஆட்கள் பார்க்கிறார்கள். அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார். பனைகளோ அலுவலக ஜன்னலைத் தாண்டி வளர்ந்துவிட்டன. யார் வளர்த்தது என்று கேட்டால் சொல்ல அங்கே ஆளில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் இரண்டு பேர்தான்.