அம்மாவின் பாவசங்கீர்த்தனம்

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். எங்கள் கடற்கரை வேதக்கோயிலுக்கு, பாவசங்கீர்த்தனம் கேட்க, வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். தமிழ் தெரியும், ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு அவர் காதில் ஏறாது. அம்மா படபடவென்று பாவத்தைச் சொல்ல, அவர் "என்ன, என்ன" என்று கேட்க, பின்னால் நிற்பவர்களுக்குத்தான் எல்லாம் தெளிவாகக் கேட்கும். அதனால் அம்மா, பள்ளியில் படித்த என்னிடம் வந்தாள். செய்ததை வீட்டிலேயே சொல்வாள். நான் அதை ஞானோபதேசப் புத்தகத் தமிழில் ஆக்கிக் கொடுப்பேன். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

ஒருநாள் தக்கலைச் சந்தையில் அம்மாவும் அவள் தங்கை, என் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் மீன் விற்றார்கள். கூட்டம் சித்தியிடம் சேர்ந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்க மீனுல புழு கெடக்கு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். சுத்தப் பொய். சித்தி விற்காத மீனை ஓலைக் கடவத்தோடு தலையில் சுமந்து அழுதுகொண்டே திரும்பினாள். அதோடு பேச்சு முறிந்தது.

அன்று அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. "புழு எனக்க நாக்குலயாக்கும் மக்கா" என்றாள். அப்போதே அவளைக் கையைப் பிடித்துச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். நானோ வழக்கம்போல் ஒரு வரி எடுத்துக் கொடுத்தேன்: 'பொறாமையினால் பிறர் பேரைக் கெடுத்தேன்.' அந்த வரியில் சித்தியே இல்லை. சாமியார் மூன்று பரலோக மந்திரம் சொல்லும்படி அபராதம் கொடுத்தார். கோயிலை விட்டு இறங்கும்போதே அம்மா ராத்திரிக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆனாலும் தங்கை பேசாதது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒருநாள், "அவகிட்ட என்ன சொல்லணும், சொல்லித் தா" என்றாள். சொல்லித் தந்தேன். இரண்டு பேரும் போனோம். சித்தி முற்றத்தில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா நின்றபடியே ஒப்பித்தாள்.

"நான் உன் பேரைக் கெடுத்தேன். என்னை மன்னித்துக்கொள்."

சித்தி நிமிர்ந்து என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

"இது ஒனக்க மவ சொல்லித் தந்தது. சந்தையில பேசினியே அக்கா, அந்தப் பேச்சுல சொல்லு. எனக்க மீனுல புழு இல்லண்ணு சொல்லு, போதும்."

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு, நான் எடுத்துக் கொடுப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.