கசப்புக் குட்டையில் மிதந்த படகு

அந்தப் படகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து விலை பேசிய மத்தியானம் உப்பளத்து வரப்பில் நின்றவர்கள் என் அம்மா அஞ்சலை, அவளுடைய தம்பி சேகர் மாமா, படகை விற்க வந்திருந்த கோட்டக்குப்பம் அன்வர் பாய், சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடம் இல்லாத நான், அப்புறம் பாதிச் சோற்றில் தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்த உப்பு வாரும் பெண்கள் ஒரு கூட்டம். இல்லாதவர் ஒருவர்தான். அந்தப் படகில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டிய என் அப்பா.

வெயிலில் காய்ந்த பைபரின் மேல் பழைய டீசலும் மீன் செதிலும் சேர்ந்து அடித்த அந்த நெடி, கை வைத்தால் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை போகாது. அன்வர் பாய் அந்தப் படகை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைக்கு எடுத்தவர் தொழிலை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்தபோது, மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில் அதை மல்லாத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மழைக்காலம் அது வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. தினமும் அந்த வழியாக உப்பு வாரப் போன என் அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்பா அப்போது தேசிங்கு மாமாவின் படகில் கூலியாளாகப் போய்க்கொண்டிருந்தார். மாமா என்பது ஊர் முறைதான், சொந்தம் கிடையாது. எங்கள் கரையில் பிடித்த மீனைப் பங்கு பிரிப்பது வழக்கம். படகுக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அதன் பிறகு போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. முதல் மூன்றும் ஓனருக்குப் போய்விடும். அம்மாவுக்கு இந்தக் கணக்கு மட்டும் எத்தனை வருடம் ஆனாலும் செரிக்கவில்லை.

"அலையில அடிபடுறவனுக்கு ஒண்ணு, கரையில குந்திக்கினு இருக்கிறவனுக்கு மூணா? இது எந்த ஊரு நியாயம்யா?"

"சொந்த போட்டுன்னா சொந்தத் தலைவலி, அஞ்சல. உனக்குத் தெரியாது," என்பார் அப்பா. அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்த வருடம் முடியவில்லை. மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தை பிறக்கும் வரை வீட்டில் அப்பாவின் ஒரு பங்குதான் வருமானம். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டில் அதுவரை யாரும் தொடாத வகுப்பு அது. என்னை நிறுத்தாமல் படிக்க வைக்க வேண்டுமென்றால் மழைக்கு முன்னால் கரையில் சொந்தமாக ஒரு படகு நிற்க வேண்டும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்: "அது தண்ணி குடிச்ச போட்டு."

பைபர் படகின் அடித்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவே மிதப்பதற்காக நுரைக்கட்டியை அடைத்திருப்பார்கள். எங்காவது விரிசல் விட்டால் அந்த நுரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட படகைத்தான் தண்ணி குடிச்ச போட்டு என்பார்கள். சரி, குடித்திருக்கிறதா இல்லையா என்று மிதக்க விட்டே பார்த்துவிடலாம் என்று அம்மா கிளம்பியது அதனால்தான். கடல் தூரம், மணல்மேட்டைத் தாண்டி இழுக்க டிராக்டர் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஆழமான தண்ணீர் ஒன்று இருந்தது. உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கெட்டித் தண்ணீரை வடித்துவிடும் பள்ளம். நாங்கள் அதைக் "கசப்புக் குட்டை" என்போம்.

"தள்ளுங்கடி!" என்று அம்மா குரல் கொடுத்ததும் உப்பு வாரும் பெண்கள் தலைச்சும்மாட்டை அவிழ்த்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

"நாம போட்டத் தொட்டா ஊரு ஆம்பளைங்க கோச்சிக்கப் போறாங்கடி," என்றாள் ஒருத்தி.

"கோச்சிக்கினு எங்க போவாங்க? ராத்திரி சோத்துக்கு நம்மகிட்டதான வரணும்," என்றாள் இன்னொருத்தி. அந்தச் சிரிப்பிலேயே படகு சரிந்து குட்டைக்குள் இறங்கியது.

மிதந்தது என்றால் அப்படி மிதந்தது. வாத்துபோல உட்கார்ந்தது. அம்மா ஏறினாள், மாமா ஏறினார், நானும் ஏறினேன், நான்கு பெண்களும் ஏறிக் கூச்சல் போட்டார்கள். படகின் விளிம்பு தண்ணீரை நோக்கி இறங்கியதாகவே தெரியவில்லை. அன்வர் பாயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாஷா அல்லா! என் போட்டு இவ்ளோ லைட்டுன்னு எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டாயிரம் சேத்துக் கேட்டிருப்பேன்," என்றார்.

அம்மா தோட்டை அடகு வைத்துக் கொண்டுவந்திருந்த முன்பணத்தை அங்கேயே அவர் கையில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்த அப்பா சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் விடியலில் கரைக்குப் போனவரைத் தேசிங்கு மாமா எல்லார் எதிரிலும் நிறுத்தினார். "ஓனர் ஆயிட்டியாமே, ஏழுமல? ஓனருக்கு எதுக்குப்பா என் போட்டுல எடம்?" அப்பா இருந்த இடத்தில் வேறொரு ஆள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். ஆக, கூலிக்குப் போன படகும் போய்விட்டது. எங்களுக்கு இருந்ததெல்லாம் அம்மா வாங்கிய படகு ஒன்றுதான். அது கடலுக்குப் போனால் மழைக்காலத்தில் எங்களுக்கும் சோறு உண்டு.

வேறு வழியில்லாமல் அப்பா வேலையில் இறங்கினார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறங்கினார். சேகர் மாமா புதுச்சேரியில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர். அவருடைய மெஷினால் பழைய பெயின்டை உரித்தார்கள். கண்ணில் பட்ட விரிசல்களைப் பிசின் வைத்து அடைத்தபோது அதன் காரம் மூக்கில் ஏறி உப்பளமே தும்மியது. கீழ்ப்புத்துப்பட்டில் ஒருவரிடம் பழைய டீசல் இன்ஜின் கிடைத்தது. நீளமான தண்டும் அதன் முனையில் விசிறியுமாக இருந்த அதைக் கிளப்பினால் மாடு இருமுவதுபோல இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் ஓடும். வலைக்கு ஈயக் குண்டும் மிதவையும் கோத்துக்கொண்டிருந்தபோது அப்பா தன்னை மறந்து விசிலடித்ததை அம்மா கேட்டாள். கேட்காதவள்போல உள்ளே போய்விட்டாள்.

டிராக்டர் வைத்துக் கடற்கரைக்கு இழுத்துப்போய், சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்பாவும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள். படகு தண்ணீருக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. விளிம்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. முதல் அலையே பாதிப் படகுக்குள் வந்துவிட்டது. வாளியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள்.

கரை சும்மா இருக்குமா?

"ஏம்பா ஏழுமல, போட்டு வாங்கினியா, தண்ணி டேங்க் வாங்கினியா?"

"மீன் எதுக்குப் புடிக்கணும்? அதுவே உள்ள வந்து படுத்துக்கும்."

அப்பா ஈரத்தோடு நேராக அம்மாவிடம் வந்தார். "இத எங்க மெதக்க வுட்டுப் பாத்த?"

"உப்பளத்துல."

"உப்பளத்துல எங்க?"

"கசப்புக் குட்டையில," என்று சொல்லும்போதே அம்மாவின் குரல் பாதியில் நின்றுவிட்டது.

"அடிப்பாவி! அந்தத் தண்ணியில அம்மிக்கல்லப் போட்டாக்கூட மெதக்குமேடி!"

அந்தக் குட்டையில் முட்டை மிதக்கும். உருளைக்கிழங்கு மிதக்கும். விடுமுறையில் நாங்களே போட்டு விளையாடியிருக்கிறோம். உப்பு ஏற ஏறத் தண்ணீர் எதையும் மேலே தூக்கும் என்பது அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் காலாலேயே தெரியும், அடர்த்தி பாடத்தில் முழு மார்க் வாங்கிய எனக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆனால் அது எங்களுக்கு அன்றாடம் புழங்கும் தண்ணீர். தண்ணீர் என்றால் எங்களுக்கு அதுதான். அதில் மிதந்தது கடலில் மிதக்காது என்று அன்று யாருக்குமே தோன்றவில்லை.

அம்மா வெறும் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

தேசிங்கு மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் சுட்டது. "வுடுப்பா. பொம்பள பேச்சக் கேட்டா இப்பிடித்தான். நாளைக்கி வந்து என் போட்டுல ஏறிக்கோ. அதே பங்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இல்லண்ணே. என் போட்டு கொஞ்சம் தண்ணி குடிச்சிருக்குது. கக்க வெச்சிட்டு வர்றேன்."

என் போட்டு என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டது அப்போதுதான். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை. சேகர் மாமா டைல்ஸ் அறுக்கும் மெஷினால் படகின் மேல்தளத்தைப் பெட்டி பெட்டியாக அறுத்துத் திறந்தார். உள்ளே மஞ்சளும் கறுப்புமாக ஊறிப் புளித்த நுரை. ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தால் ஈரத்துணிபோலத் தண்ணீர் கொட்டியது. வேலை முடிந்து வந்த உப்பளத்துப் பெண்கள் தாங்கள் தள்ளிவிட்ட படகு என்கிற உரிமையோடு கூடைகளைக் கொண்டுவந்து அதை வாரி வாரிக் கொட்டினார்கள். "உப்புதான் வாரினோம், இப்ப போட்டோட குடலையும் வாரியாச்சு," என்று ஒருத்தி சொல்ல, அப்பாவே சிரித்துவிட்டார்.

குடலை எடுத்தாயிற்று, பதிலுக்கு எதை வைப்பது? புது நுரை ஊற்றக் கையில் ஒன்றுமில்லை. காற்றடைத்த ஏதாவது போதும், மூடி இறுக்கமாக இருந்தால் எண்ணெய் கேன்கூடப் போதும் என்று அப்பா சொன்னார். அம்மா அன்வர் பாய்க்குப் போன் போட்டாள். சண்டை போடத்தான் கூப்பிடுகிறாள் என்று முதலில் அவர் பயந்திருக்க வேண்டும், நடந்ததைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கேன்தானம்மா? எங்க ஊர்ல மாசம் பூரா கல்யாணம், கல்யாணம் பூரா பிரியாணி. எண்ணெய் கேனுக்கா பஞ்சம்? அனுப்புறேன். துட்டு பேச்செடுத்தா கேனத் திருப்பி எடுத்துக்கினு போயிடுவேன், ஆமா."

ஒரு குட்டி யானை வண்டி நிறைய வெள்ளைக் கேன்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்து, மூடியைத் திருகி, அதன்மேல் பிசின் தடவி, படகின் வயிற்றுக்குள் நெருக்கி அடுக்கினோம். அறுத்த தளத்தைத் திரும்ப வைத்து, பைபர் ஒட்டி, தேய்த்து, நீலப் பெயின்ட் அடித்தோம். எத்தனை கழுவியும் கேன்களின் மணம் மட்டும் போகவில்லை. படகு வெயிலில் சூடானால் நெய்யும் பட்டையும் கிராம்புமாக மணக்கும். கரை உடனே பெயர் வைத்துவிட்டது: "பிரியாணி போட்டு".

இந்தத் தரம் அம்மா யாரையும் கேட்காமல் உப்பளத்துப் பெண்களையே கடற்கரைக்குக் கூட்டி வந்தாள். தள்ளினார்கள். படகு கடலில் விழுந்து, ஒரு குலுங்கு குலுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தது. நான்கு ஆளும் இன்ஜினும் வலையும் ஏறிய பிறகும் விளிம்பு முழங்கை உயரத்துக்கு மேலே நின்றது. இன்ஜின் இரண்டு தரம் இருமியது. முதல் அலையில் ஏறியது, இரண்டாவதை வெட்டியது, மூன்றாவதின் மேல் குதித்துப் போனபோது அப்பா எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார். கரையில் நான் கத்திய கத்தலில் மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லக் குரலில்லை.

திரும்பி வந்தபோது வலை நிறையக் காணாங்கெளுத்தி, வெயிலில் பளபளத்துத் துள்ளிக்கொண்டிருந்தது. படகைத் தள்ளியவர்களுக்கு ஆளுக்கொரு கை மீன் கொடுப்பது எங்கள் கரையின் வழக்கம். அன்று அதை மடியில் வாங்கிக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் பெண்கள். பிறகு அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பங்கு பிரித்தார். மீனை ஆளுக்கு ஒரு கும்பலாகக் குவித்து வைத்தார். படகுக்கு, இன்ஜினுக்கு, வலைக்கு என்று மூன்று கும்பல் தனியே வைத்தார். வைத்துவிட்டு, அவற்றை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்போல ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அந்த மூன்றையும் எடுத்துப்போய்த் தேசிங்கு மாமாவின் கூடையில் கொட்டிய கை அது.

சட்டென்று தலையைத் தூக்கி, கரைக்கே கேட்கும்படி கூப்பிட்டார்: "ஓனர் எங்கப்பா? ஓனரம்மாவ வரச் சொல்லு!"

அம்மா அன்னக்கூடையோடு வந்தாள். யாரையும் பார்க்காமல் மூன்று கும்பலையும் வாரிப் போட்டுக்கொண்டாள். உப்பு வாருவதுபோலவே வாரினாள், ஒரு மீன்கூட மணலில் தங்கவில்லை. அந்த மழைக்காலத்தில் நான் ஒருநாளும் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கவில்லை.

இன்று அந்தக் கசப்புக் குட்டையைத் தூர்த்து மண்ணடித்துவிட்டார்கள், மேலே ஒரு கொட்டகை நிற்கிறது. நாங்கள் படகு தள்ளிய மணலைக் கடல் தின்றுவிட்டது, கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பிரியாணி போட்டும் உழைத்துத் தேய்ந்து, போன வருடம் ஓய்ந்துவிட்டது. ஓய்வதற்குள் என்னை டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்துவிட்டது. போன மாதம் புதுப் படகு ஒன்றுக்குக் கடன் கேட்டு அம்மா அப்பாவோடு நானும் வங்கிக்குப் போயிருந்தேன். பழைய படகு முழுசாக எவ்வளவுக்கு முடிந்தது என்று மேலாளர் கேட்டார். அப்பா விட்டத்தைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினார். அம்மா யோசிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

"போட்டு, இன்ஜின், வலை, பிசின், தோட்டுக்குக் கட்டுன வட்டி, ஒடைச்ச தேங்கா, எல்லாம் சேத்து ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து அறுநூறு ரூபா, சார்."