வாசல் கல்லில் விழுந்த தாய்மாமன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சீமெந்து மூட்டை சுமந்து, பிறகு சீமெந்துக் கடை வைத்து, கடைசியில் நெல்லியடியில் ஒரு கலியாண மண்டபம் கட்டினேன். வடமராட்சியில் இப்படி ஒரு வாசல் இல்லையென்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். முகம் பார்க்கக்கூடிய கறுப்புக் கல் பதித்திருந்தேன்.

அந்தக் கல்லில்தான் ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் வழுக்கி விழுந்தார். வல்வெட்டித்துறையில் வள்ளம் ஓட்டிய மனிசன். இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கை. பிறகு அவருடைய சட்டத்தரணியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மண்டபத்தின் கவனக்குறைவாம், நட்டஈடு வேண்டுமாம்.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி தோழனாக நின்று காலைக் கழுவுவது எங்கள் வழக்கம். தண்ணீர் நிலத்தில் போகாமல் இருக்க அகன்ற தாம்பாளம் ஒன்றை நானே வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்கு, அது படத்துக்கு வடிவில்லை என்று வீடியோக்காரன் சொல்ல, தம்பிக்காரன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, செம்புத் தண்ணீர் முழுவதையும் கல்லிலேயே ஊற்றினான். பின்னால் வந்த மாமன் சறுக்கினார். எல்லாம் என் வாசல் கமெராவில் பதிந்திருந்தது.

வழக்கு கோட்டுக்குப் போகமுதல் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபையில் அதைக் காட்டினால் பழி பெண் வீட்டாருக்குப் போகும், நீங்கள் தப்பலாம் என்றார் என் சட்டத்தரணி. காட்டாவிட்டால் முழுவதும் உங்கள் தலையில் என்றும் சொன்னார்.

சபை கூடுவதற்கு முதல்நாள் பின்னேரம் பெண்ணின் தகப்பன் வந்தார். இருங்கோ என்று கதிரையைக் காட்டியும் நின்றபடியே பேசினார்.

“அண்ணை, உந்தக் கமெராப் படத்தைக் காட்டிப்போடாதையுங்கோ. மாமன்ரை இடுப்பை முறிச்ச குடும்பம் எண்டால் என்ரை பிள்ளை அங்கை எப்பிடி வாழுறது? அந்த வீட்டிலை மாமன் சொல்லுறதுதான் சட்டம்.”

யோசிக்கிறன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் போனபிறகு மண்டபத்து வாசலில் போய் நின்றேன். தோள் தேயச் சுமந்து கட்டின மண்டபம். கவனக்குறைவு என்ற பெயரோடு அது நிற்பதா?

சபை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. மாமன் ஊன்றுகோலோடு எனக்கு எதிரில். பெண்ணின் தகப்பன் பின்வரிசை வாங்கில். கால் கழுவும் தண்ணீருக்கு ஏதாவது ஒழுங்கு செய்திருந்தீர்களா என்று தலைவர் கேட்டார். என் கை சட்டைப் பைக்குள் போனது. போனில் அந்தப் படம் ஆயத்தமாக இருந்தது. மாமனின் கண்ணும் அந்தப் பையில்தான்.

வெறுங்கையை வெளியே எடுத்தேன்.

“ஐயா, முகம் தெரியிற கல்லைப் பதிச்சவன் நான். கலியாண வாசலிலை தண்ணி விழும் எண்டு தெரியாமலோ பதிச்சனான்? என்ரை வாசலிலை விழுந்தவருக்கு நான்தான் பொறுப்பு.”

கடலைக் கிளப்பும் சோளகக் காற்றிலும் வள்ளத்தில் விழாத தன்னை என் வாசலின் பளபளப்பு விழுத்திப்போட்டுது என்று மாமன் நக்கலடித்தார். கேட்டதில் ஒரு சதமும் குறைக்கவில்லை. முழுவதையும் தருவதாகக் கையெழுத்து வைத்தேன்.

வெளியே படியிறங்க அவர் தடுமாறினார். முழங்கையைப் பிடித்தேன்.

“தாம்பாளத்தைத் தள்ளினதை நானும் பாத்தனான்,” என்றார் மெதுவாக. “மருமகளின்ரை வீட்டாரிலை வழக்குப் போட ஏலுமே? அதுதான் உமக்குக் காயிதம் அனுப்பினனான்.”

எனக்கு நெஞ்சு கொதித்தது. இன்னும் இரண்டு படி இருந்தது. கையை விட்டிருந்தால் மனிசன் திரும்பவும் விழுந்திருப்பார். இன்னும் இறுக்கிப் பிடித்து நிலத்தில் இறக்கிவிட்டேன்.