கல்லில் ஒட்டிய எள்

ஓடைப் பாறையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் முதலில் பல் கூசும், பிறகு காது மரத்துப்போகும், அதற்கப்புறம்தான் பாறைமேல் தகடுபோல வழியும் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும். சேரங்கோட்டுக்கு வந்த முதல் வருஷம், ஒன்பது வயதில், நான் அப்படிப் படுத்துக் கிடந்தது பயத்தினால்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் சில மாதம் இருந்து, எஸ்டேட் வேலைக்கான தாளோடு லாரியில் இந்த மலைத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்கள் நாங்கள். என் பள்ளிக்கூடச் சான்று வந்து சேரவில்லை என்று பள்ளியில் சேர்த்துக்கொள்ளவில்லை. அது பிறகும் வரவில்லை. அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டப் போனார். அம்மா ஆறு மாத வயிற்றோடு கொழுந்து பறித்தாள். எங்கள் லைன் வீட்டிலிருந்து இருபது எட்டு வைத்தால் ஓடை. ஆனால் அதில் குடிக்கத் தண்ணீர் எடுக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இலங்கையில் எங்கள் லயத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது இடத்துக்குக் குடிபோனால், "பீலி" என்று நாங்கள் சொல்லும் தண்ணீர்க் குழாய்க்கு எந்த ஓடையிலிருந்து தண்ணீர் வருகிறதென்று மேலே ஏறிப் போய்ப் பார்ப்பார்கள். அந்த ஓடையில் கல்லைப் புரட்டினால் அடியில் "சட்டைப்புழு" இருக்க வேண்டும். மணலையும் சருகுத் துணுக்கையும் வாயில் சுரக்கும் நூலால் ஒட்டி, விரற்கணு நீளத்துக்குக் குழாய்போல ஒரு சட்டை செய்து, அதைப் போட்டுக்கொண்டே ஊரும் புழு அது. வளர்ந்தபின் அந்துப்பூச்சி போலச் சாம்பல் நிறச் சிறகோடு பறந்துவிடும். மருந்தடித்த தண்ணீர் கலந்தால் மீனுக்கு முன்னால் சாவது அதுதான். ஒரு வருஷம், புழு இல்லாத பீலியில் பிடித்த தண்ணீரைக் குடித்த என் தம்பி, வயிற்றாலே போய் மூன்றாம் நாள் இறந்தான். அதற்குப் பிறகு அம்மா கல்லைப் புரட்டிப் பார்க்காமல் எங்கும் குடம் வைத்ததில்லை.

இந்த ஓடையில் எத்தனையோ கற்களைப் புரட்டியும் ஒரு புழு இல்லை. கீழே பள்ளத்துச் சோலைக்குள் இருந்த ஊற்றில்தான் இருந்தது. ஆகவே காலையிலும் மாலையிலும் அரை மைல் இறக்கம், அரை மைல் ஏற்றம், கால் நிறைய அட்டை. அம்மா இடுப்பில் குடம், என் கையில் இரண்டு டின். பக்கத்து வீட்டு மாராயி, வாட்ச்மேன் சம்சாரம், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி, வாசலில் நின்று தினமும் கேட்பாள்: "ஏனுங்க சிலோனக்கா, ஊட்டு முன்னால தங்கமா ஓடற தண்ணிய உட்டுப்போட்டு எங்கீங்க போறீங்க? எங்கூர்ல தண்ணியில புழு இருந்தா கீழ கொட்டுவமுங்க. நீங்க புழு இருந்தாத்தேன் குடிப்பீங்களாக்கும்!"

"நீ குடி மாராயி. நான் ஒருத்தனப் பொதச்சவ" என்று அம்மா நடந்துவிடுவாள்.

மழை தொடங்கிய வாரம் ஏற்றத்தில் அம்மா வழுக்கி உட்கார்ந்தாள். குடம் உருண்டு போனது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழவில்லை. பிறகு, "ஒண்ணுமில்ல, நட புள்ள" என்றாள். அன்று முழுக்கக் குழந்தை அசையவில்லை என்று அப்பாவிடம் அவள் சொன்னதைக் கேட்டேன். விடிந்தபின் அசைந்தது.

அந்தக் காலையிலேயே ஊற்றில் தண்ணீர் மொண்டபோது, பத்துப் பதினைந்து சட்டைப்புழுக்களை அம்மா பார்க்காமல் டின்னில் போட்டுக்கொண்டேன். அவள் வேலைக்குப் போனதும் அவற்றை எங்கள் ஓடைக் கற்களுக்கடியில் விட்டேன். அம்மாவுக்காகச் செய்தேன் என்று வெகுகாலம் சொல்லி வந்திருக்கிறேன். என் காலுக்காகவும்தான்.

மாலையில், "அம்மா, இங்க புழு வந்திருக்கு" என்றேன். அம்மா கல்லைப் புரட்டினாள். இந்த ஊருக்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"என்னுங்கக்கா, உங்க சொந்தக்காரங்க வந்துட்டாங்களாக்கும்?" என்றாள் மாராயி.

"வந்துட்டாங்க. கப்பல் லேட்டு" என்றாள் அம்மா. அங்கேயே கையால் அள்ளிக் குடித்தாள். நான் குடிப்பதுபோல வாயில் வைத்துவிட்டுக் கீழே விட்டேன்.

மறுநாள் எண்ணினேன்; ஐந்து புழு. அதற்கு மறுநாள் இரண்டு. வெள்ளம் அடித்துக்கொண்டு போனதா, செத்ததா, தெரியவில்லை. தம்பியின் முகம் வந்து வந்து போயிற்று. அம்மா வேலைக்குப் போனதும் ஓடைக்கு ஓடிவந்து பாறையில் படுத்தேன். இந்தத் தண்ணீரில் ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று தேடினேன்.

அப்போதுதான் அந்த எள்ளைப் பார்த்தேன். பாறையின் பச்சை வழுக்கலில் எள்ளளவில், வெள்ளரி விதையின் வடிவில், தட்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதன் ஒரு முனையிலிருந்து கருந்தலை ஒன்றும் குட்டையான ஆறு கால்களும் வெளியே வந்து, பாசியைச் சுரண்டித் தின்றன. உள்ளே உடம்பு கொழுத்து, தின்ற பச்சை கண்ணாடிச் சீசாவில் தெரிவதுபோலத் தெரிந்தது. அந்த எள்ளும் ஒரு சட்டைதான்; அதற்கு இரண்டு பக்கமும் வாய் இருந்தது. திரும்ப வேண்டுமானால் உள்ளேயே புரண்டு மறுவாய் வழியாகத் தலையை நீட்டும். அதைவிடச் சின்னவை சட்டையே இல்லாமல் அம்மணமாய்த் திரிந்தன. ஈரம் படாத ஓரத்தில், இவையே வளர்ந்து சிறகு முளைத்த, கொசுவைவிடச் சிறிய பூச்சிகள், கண்ணிமை மயிர்போல ஓரம் வைத்த சிறகைக் கூரைபோல மடித்துக்கொண்டு கோணல்மாணலாக ஓடின.

நான்காம் நாள் காலை அம்மா தானே கல்லைப் புரட்டினாள். வெறும் சட்டை ஒன்றுதான் கிடந்தது. குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் பள்ளத்துக்கு இறங்கக் கிளம்பினாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அறைந்தாள். காது இரைந்தது. "அவன மாதிரி இதையும் தூக்கிக் குடுக்கவா?" என்றாள். நான் சேலையை விடாமல் பாறைக்கு இழுத்துப் போனேன்.

வயிறு இடித்ததால் அவளால் குனிய முடியவில்லை, ஒருக்களித்துப் படுத்தாள்.

"எள்ளு மாதிரி கெடக்கு. அங்கத்தது இது இல்ல."

"கொஞ்சம் இரும்மா."

தலை வெளியே வந்தது. அம்மா மூச்சை அடக்கிப் பார்த்தாள். ஒன்று, இன்னொன்று, பாறை முழுக்க. பிரட்டுக் களத்தில் கொம்பு ஊதியது. பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. அவள் எழவில்லை.

"இத்தனூண்டு உடம்பு, இதுவே தாங்குது" என்றாள் கடைசியில். குடத்தை அந்தப் பாறைக்குக் கீழேயே வைத்தாள். ஆனாலும் தங்கை பிறக்கும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடித்தாள், என்னையும் குடிக்கவைத்தாள். தங்கை நல்லபடியாகப் பிறந்தாள்.

பிறகு நான் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. கொழுந்து, மிளகு, கல்லுடைப்பு என்று போன இடமெல்லாம் ஓடையில் அந்த எள் இருக்கிறதா என்று பார்த்தேன். பைக்காராவுக்கு மேலே ஈரப் பாறைகளில் இருந்தது. வால்பாறையில் இருந்தது. குன்னூரில் ஊருக்குள் வரும் ஓடையில் இல்லை, சமவெளியில் நான் தேடிய எதிலும் இல்லை. மெலிதாகத் தண்ணீர் வழிந்து, வெயிலும் விழுகிற பாறைதான் அதற்கு வேண்டும். பைக்காராவில் வலையோடு வந்த கல்லூரிக்காரர் ஒருவர், இதில் பல இனங்கள் உண்டு, ஆண் பூச்சியின் வால்நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் எது எதுவென்று பிரிக்க முடியும் என்றார். நான் காட்டியது எந்த இனம் என்று அவருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் சேரங்கோட்டுக்குப் போனேன். லைனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போய்விட்டார்கள். ஓடைத் தண்ணீரை மேலேயே மறித்துக் கறுப்புக் குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள். பாறை காய்ந்து, பாசி பொருக்காக உரிந்து கிடந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டேன்.

"தெரியலீங்க. வாசல்லயே பைப்பு இருக்குது, அங்க யாருங்க போய்ப் பாக்கறாங்க?" என்றாள்.